ரெண்டுங்கெட்டான் துப்பாக்கி: பயத்துக்கு லைசென்ஸ் வழங்குவது பற்றிச் சில குறிப்புகள்

1

பல்லடத்துக்குப் பக்கம் தோட்டத்துச் சாளையில் பெரியம்மாவும் தானுமாகத் தனியே இருக்கிற என் பெரியப்பா, போன மாசம் பார்க்கப் போனபோது செல்போனை என்னிடம் நீட்டினார். டெக்சாஸில் இருக்கும் மகன் அனுப்பிய போட்டோ. மேஜைமேல் ஒரு ரிவால்வர். பக்கத்தில் வரிசையாக இரண்டு தினுசுத் தோட்டாக்கள். ஒன்று நீளமாக, வண்ண பிளாஸ்டிக் உடம்போடு. மற்றது குட்டையாக, பித்தளையில், ஈய மூக்கோடு.

"ரெண்டு வேலையும் இது ஒண்ணே செய்யுமாமா கண்ணு. குருவி சுடற தோட்டாவும் போடலாமாம், ஆளச் சுடற தோட்டாவும் போடலாமாம். அவன் கடைக்குப் போயி ஒரு மணி நேரத்துல வாங்கிட்டு வந்துட்டான். நான் மனுக் குடுத்து எத்தன மாசமாச்சு பாரு."

பெரியப்பாவுக்கு எழுபத்துமூன்று வயது. அவர் கேட்டிருப்பது வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு துப்பாக்கி லைசென்ஸ். மகன் வைத்திருப்பது பிரேசில் நாட்டு டாரஸ் கம்பெனி செய்த 'ஜட்ஜ்' என்ற ரிவால்வர். சுழலும் உருளையில் ஐந்து அறைகள். ஒவ்வொரு அறையிலும் .410 போர் ரவைத் தோட்டாவையும் போடலாம்; .45 கோல்ட் என்ற கைத்துப்பாக்கிக் குண்டையும் போடலாம். ரவைத் தோட்டா என்றால் ஒரே ஓட்டுக்குள் பல ஈய மணிகள். வெடித்ததும் சிதறிப் பரவும். குண்டு என்றால் ஒன்றுதான். குறி பார்த்த இடத்துக்குப் போகும். கலந்தும் போட்டுக்கொள்ளலாம். முதலில் இரண்டு ரவை, பிறகு மூன்று குண்டு என்று மகன் போட்டு வைத்திருக்கிறானாம்.

நாவலையும் கவிதையையும் வாசிப்பதற்குப் பழகிய நாம் ஒரு துப்பாக்கியை ஏன் பிரதியாக வாசிக்கக் கூடாது என்று அன்றைக்குத் தோன்றியது. ஐந்து அறைகளில் எதை எந்த வரிசையில் நிரப்புவது என்று ஒருவன் முடிவு செய்கிறானே, அந்த வரிசை அவனுடைய பயத்தின் இலக்கணம். யாரைக் கண்டு பயம், அவன் எவ்வளவு தூரத்தில் நிற்பான், முகம் தெரியுமா தெரியாதா என்ற கேள்விகளுக்கெல்லாம் அவன் முன்கூட்டியே விடை எழுதி உருளைக்குள் திணித்து வைக்கிறான். ஆளே வராதபோதும் ஆளைப் பற்றிய கதை அதற்குள் முழுசாக இருக்கிறது. அந்தக் கதையின் சில பக்கங்கள் திருப்பூர் வட்டாரத்தில் எழுதப்பட்டவை என்பதால்தான் இந்தக் குறிப்புகள்.

2

எம்.ஏ. தமிழ் படித்தவன் என்பதால் சொல்லிலிருந்து தொடங்கிவிடுகிறேன். 'துப்பாக்கி'க்குத் 'துப்பு' என்று வேர்ச்சொல் காட்டுகிற உற்சாகம் நம்மிடையே உண்டு. ஆனால் அது துருக்கியில் புறப்பட்டுப் பாரசீகம், தெலுங்கு என்று கை மாறி நம்மிடம் வந்த சொல். 'தோட்டா'வும் வடக்கேயிருந்து வந்ததுதான். 'ரவை' மட்டும் நம் அடுப்படிச் சொல்லாகவே நிற்கிறது. உப்புமாவுக்கும் ரவை, கொக்குக்கும் ரவை. பொடியாக, எண்ணிக்கையில்லாமல், எது எதைத் தைத்தது என்று தெரியாமல் போகிற பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. ரவையால் சுடுகிறவன் ஒரு புள்ளியைக் குறிபார்ப்பதில்லை. ஒரு பக்கத்தைப் பார்த்துச் சுடுகிறான்.

இரண்டையும் ஒரே குழலில் சுடலாம் என்ற வாக்குறுதிக்கு ஒரு விலை உண்டு. கைத்துப்பாக்கியின் குழலுக்குள் சுருள் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். குண்டைச் சுழற்றி நேராக அனுப்புவதற்காக. அதே பள்ளங்கள் ரவையையும் சுழற்றிவிடுவதால் மணிகள் வெளியே வந்ததும் வட்டமாக விலகி ஓடுகின்றன. நடுவில் வெற்றிடம் விழுகிறது. இன்னொரு பக்கம், நீளமான ரவைத் தோட்டாவுக்காக உருளையை நீட்டியிருப்பதால் குட்டைக் குண்டு பள்ளத்தைத் தொடும் முன்பே கொஞ்ச தூரம் வெறுமையில் தாவ வேண்டியிருக்கிறது. ரவைக்கும் முழுசாக உதவாது, குண்டுக்கும் முழுசாக உதவாது. நம் ஊர்ப்பக்கம் இப்படிப்பட்டதை ரெண்டுங்கெட்டான் என்போம்.

அப்படியானால் பள்ளத்தை எடுத்துவிடலாமே? முடியாது. பள்ளமில்லாத வழுவழுப்பான குழல் 18 அங்குலத்துக்குக் குறைந்தால், 1934ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டப்படி அதைத் தனியாகப் பதிவு செய்தாக வேண்டும், விதிமுறைகள் கடுமையானவை. பள்ளம் வெட்டிவிட்டால் அதே பொருள் சாதாரணக் 'கைத்துப்பாக்கி' ஆகிவிடுகிறது. ஆக, அந்தச் சுருள் பள்ளங்கள் குண்டுக்காக வெட்டியவை என்பது பாதி உண்மை. சட்டத்தின் கண்ணுக்காக வெட்டியவை என்பது மீதி. கலிஃபோர்னியா மாநிலம் இந்த ஏமாற்றை ஏற்றுக்கொள்ளாமல் இதைக் குட்டை ரவைத் துப்பாக்கி என்றே கணக்கில் வைத்துத் தடுத்திருக்கிறது. ஒரே பொருள், மாநில எல்லையைத் தாண்டினால் வேறொன்று.

பெயரும் கவனிக்கத்தக்கது. மியாமி நகரத்து நீதிபதிகள் சிலர் கோர்ட்டில் தங்கள் பாதுகாப்புக்கு இதை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அதைக் கேள்விப்பட்டு 2006 வாக்கில் 'ஜட்ஜ்' என்று பெயர் வைத்ததாகக் கம்பெனியே கதை சொல்கிறது. சாட்சி, வாதம், மேல்முறையீடு எல்லாம் இருக்கிற கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கே அங்கியின் அடியில் இவை எதுவும் இல்லாத இன்னொரு தீர்ப்பு தேவைப்பட்டிருக்கிறது.

இதற்குப் பாட்டன் பூட்டன்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் லெமாட் என்பவர் செய்த ரிவால்வரில் ஒன்பது குண்டுகளோடு நடுவில் ரவை சுடும் குழல் ஒன்றும் இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அதை இடுப்பில் செருகிக்கொண்டவர்கள், அடிமைமுறையைக் காப்பாற்றப் போரிட்ட தென்தரப்பு அதிகாரிகள். இந்தியாவில் வெள்ளைக்காரத் துரைகள் வேட்டைக்குப் போகும்போது யானை அம்பாரியில் வைத்துக்கொண்ட 'ஹௌடா' பிஸ்டல் இன்னொன்று. அடிபட்ட புலி யானைமேல் தாவி ஏறிவிட்டால் கைக்கெட்டும் தூரத்தில் சுடுவதற்காகச் செய்தது. மேலே உட்கார்ந்திருப்பவனுக்குக் கீழேயிருந்து எது எப்போது தாவும் என்று தெரியாத பயம். இந்த வம்சத்தில் வந்த துப்பாக்கிகள் எல்லாவற்றிலும் அந்த உட்காரும் இடம் இருக்கிறது.

3

இனி நம்முடைய சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1857 கலகத்தின் அதிர்ச்சி ஆறாமலேதான் 1878ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு. விசுவாசமானவர்கள் என்று கருதப்பட்ட குடகர்களுக்கும் விலக்கு கிடைத்தது. அந்த விலக்கு வெள்ளைக்காரன் போன பிறகும் போகவில்லை. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. 1931 கராச்சி காங்கிரசின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்றாக இருந்தது என்பது இன்றைக்குப் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1959 சட்டத்தில் அந்த உரிமை லைசென்ஸாகவே தங்கிவிட்டது.

1959 சட்டத்தின் 13ஆம் பிரிவை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, பள்ளமில்லாத துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டால் லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்கிறது. பயிர்க் காவலுக்கு என்றால் வாய்வழி மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. மற்ற எதைக் கேட்டாலும் 'தக்க காரணம்' இருப்பதாக அதிகாரி திருப்தியடைய வேண்டும். அதாவது, குடியானவனுக்கு நீளம். எல்லோர் கண்ணிலும் படுகிற நீளம். இடுப்பில் மறைகிற குட்டைக்கு மட்டும் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தைச் சொல்லத் தெரிந்தவர்கள், சொன்னால் நம்பப்படுகிறவர்கள் யார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

2016 வரை நடப்பில் இருந்த 1962ஆம் வருஷத்து ஆயுத விதிகளின் அட்டவணை இன்னும் சுவாரஸ்யமானது. 20 அங்குலத்துக்குக் குறைந்த வழுவழுப்புக் குழல் துப்பாக்கி முதல் வகையில், தடை செய்யப்பட்டவற்றோடு சேர்ந்திருந்தது. போலீசும் ராணுவமும் பயன்படுத்துகிற .303, 7.62 மில்லிமீட்டர், 9 மில்லிமீட்டர் போன்ற தோட்டாக்களைப் போட்டுச் சுடக்கூடிய ஆயுதங்களும் அதே வகை. கூடவே, '.410 மஸ்கட்' தோட்டாவைச் சுடக்கூடிய எதுவும். சர்க்கார் தோட்டா உன் துப்பாக்கிக்குள் நுழையக் கூடாது என்பதுதான் இந்த அட்டவணையின் ஓட்டம். துப்பாக்கி உன்னிடம் இருக்கலாம். என் தோட்டா இருக்கக் கூடாது.

அந்த .410 மஸ்கட்டுக்கு ஒரு பழைய கதை உண்டு. கல்கத்தாவுக்குப் பக்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் .303 ரைஃபிளின் குழலைப் பள்ளமில்லாமல் ஆக்கி, தோட்டா அடுக்குகிற பெட்டியில் மரக்கட்டையை வைத்து அடைத்து, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா என்று மாற்றினார்கள். அப்படி மாற்றியதைத்தான் இந்தியப் போலீஸ்காரன் கையிலும் ஜெயில் காவலாளி கையிலும் கொடுத்தார்கள். நாளைக்கு அவன் திரும்பி நின்றால் ரைஃபிள் அவன் கையில் இருக்கக் கூடாது. ராணுவத் தோட்டா கிடைத்தாலும் அவன் துப்பாக்கியில் பயன்படக் கூடாது. கூட்டத்தைச் சுட அவன் வேண்டும், ஆனால் அவனையும் நம்ப முடியாது. ஏகாதிபத்தியம் தன் காவல்காரனைக் கண்டே பயந்த பயம்தான் அந்த மரக்கட்டை.

பெரியப்பாவின் மகன் மேஜையில் இருப்பதும் .410தான், தோட்டாவின் உடம்பு வேறு, ஜாதகம் கிட்டத்தட்ட ஒன்று. அமெரிக்கக் குடிமகனுக்கு அது உரிமையின் அடையாளமாகவும், இந்தியக் கான்ஸ்டபிளுக்கு நம்பிக்கையின்மையின் அடையாளமாகவும் இருந்திருக்கிறது. அர்த்தம் துப்பாக்கிக்குள் இல்லை; எந்தத் தோட்டாவை யாருக்கு அனுமதிப்பது என்று தீர்மானிக்கிற கையில் இருக்கிறது.

4

இரண்டு தோட்டாவையும் ஒரே கையில் வைத்திருக்கிற ஆள் நம் நாட்டிலும் உண்டு: அரசு. காஷ்மீரில் கூட்டத்தைக் கலைக்க 2010இலிருந்து ரவைத் துப்பாக்கியைக் கொண்டுவந்தார்கள்; 'உயிருக்கு ஆபத்து குறைவு' என்று பெயர். 2016இல் அந்த ரவைகள் நூற்றுக்கணக்கான இளைஞர்களின், குழந்தைகளின் கண்களுக்குள் இறங்கின. தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று ரவை வேண்டாம், குண்டே போதும் என்று முடிவாயிற்று. 13 பேர் செத்தார்கள். எந்த ஜனத்துக்கு எந்தத் தோட்டா என்று வரிசைப்படுத்துகிற உருளை ஒன்று எங்கோ சுழன்றுகொண்டேயிருக்கிறது.

எங்கள் ஊருக்கும் அதில் ஒரு அறை இருந்தது. திருப்பூருக்கு வடக்கே பெருமாநல்லூரில் 1970 ஜூன் 19 அன்று, ஒரு பைசா மின்கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்ட விவசாயிகள்மீது போலீஸ் சுட்டது. 3 பேர் பலியானார்கள். 1972 ஜூலை 5 அன்று தமிழ்நாட்டில் வேறு பல இடங்களிலும் விவசாயிகளைச் சுட்டார்கள். ஜூலை 5 வந்தால் எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் நினைவுத் தூணுக்கு மாலை போடுகிறார்கள். பெரியப்பாவும் போவார். பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு போய் நின்றுவிட்டு வருவார்.

இதே தலைமுறைதான் இன்று கலெக்டர் ஆபீசில் துப்பாக்கி கேட்டு மனு கொடுக்கிறது. அன்று துப்பாக்கிக்கு எதிரே கூட்டமாக நின்றவர்கள் இன்று துப்பாக்கிக்குப் பின்னால் தனியாக நிற்க விரும்புகிறார்கள். கூட்டம் எப்படித் தனி ஆளாகியது என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வியாகப் படுகிறது.

5

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்துத் தோட்ட வீட்டில் வயதான தம்பதியும் அவர்கள் மகனும் கொலை செய்யப்பட்டார்கள். 2025 ஏப்ரல் கடைசியில் ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம் இன்னொரு தோட்ட வீட்டில் ஒரு முதிய தம்பதி. நாலைந்து நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. பக்கத்து வீடு என்பது கூப்பிடு தூரத்தில் இல்லாத அமைப்பு. கொங்கு நாட்டுக் குடியிருப்பே அப்படி. காட்டுக்கு ஒரு வீடு, வீட்டைச் சுற்றித் தென்னை, நடுவில் ரெண்டு கிழங்கள். பிள்ளைகள் கோயமுத்தூரில், பெங்களூரில், டெக்சாஸில்.

அப்போதிருந்து தோட்டத்து வீட்டுக்காரர்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடு என்ற பேச்சு வலுத்தது. கூடவே, எப்போதும் போல, விரல்கள் நீண்டன. பனியன் கம்பெனிகளுக்கு வந்திருக்கிற வடக்கத்தி ஆட்கள்தான் என்று டீக்கடையில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். 2025 மே மாதத்தில் சிவகிரி வழக்கில் போலீஸ் கைது செய்தவர்கள் அரச்சலூர் வட்டாரத்து ஆட்கள். பல்லடம் கொலையிலும் அவர்களுக்குத் தொடர்பு என்று போலீஸ் சொன்னது. குற்றம் கோர்ட்டில்தான் நிரூபணமாக வேண்டும். ஆனால் டீக்கடைத் தீர்ப்பை யாரும் திரும்பப் பெற்றதாகத் தெரியவில்லை.

பயம் யாருக்கெல்லாம் உண்டு என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்க்கலாம். 2023 மார்ச் மாதம், பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, திருப்பூர் ரயில்வே ஸ்டேஷனில் மூட்டையோடு நின்ற பையன்களின் முகத்தில் இருந்ததும் பயம்தான். பீகார் அரசே அதிகாரிகளை இங்கே அனுப்பிப் பார்த்துவிட்டுப் போகும் அளவுக்கு அந்தப் பயம் பெரிதாக இருந்தது. நூற்பாலை ஹாஸ்டல்களில் 'சுமங்கலித் திட்டம்', 'கேம்ப் கூலி' என்று வருஷக்கணக்கில் அடைந்து கிடந்த பெண்களுக்கு வார்டனைக் கண்டு, சூப்பர்வைசரைக் கண்டு பயம். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு ஊரைவிட்டு ஓடி வந்து, காலேஜ் ரோட்டுக்குப் பக்கம் லைன் வீட்டில் குடியிருக்கிற ஜோடிக்குச் சொந்தக்காரன் பைக் சத்தம் கேட்டாலே பயம். லைசென்ஸ் விண்ணப்பத்தில் 'தற்காப்பு' என்ற வரிக்கு நேரே இவர்கள் பெயரை யாரும் எழுதிப் பார்த்ததுகூட இல்லை.

பெண்களுக்கென்று துப்பாக்கி வந்ததே என்று கேட்கலாம். டில்லிப் பாலியல் வன்கொலைக்குப் பிறகு, 2014இல் கான்பூரில் உள்ள அரசுத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரைக் கொண்டுவந்தது. பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ள, அரைக் கிலோ எடையில். விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். சுமங்கலித் திட்டத்தில் மூன்று வருஷ உழைப்புக்குப் பிறகு தருவதாகச் சொன்ன மொத்தத் தொகை முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்றிருந்தது. பயத்தில் பாதி விலைக்குக்கூட உழைப்பு போகாத ஊரில் அந்தத் துப்பாக்கி யாருடைய கைப்பைக்குள் போயிருக்கும்?

ஏடிஎம் வாசலிலும் நகைக்கடை வாசலிலும் ரெட்டைக்குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற 'கன்மேன்' பெரியவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பலரிடம் துப்பாக்கியும் லைசென்ஸும் சொந்தம். அதைக் காட்டித்தான் வேலையே கிடைக்கிறது. துப்பாக்கி அவருடையது, காப்பாற்றுகிற பணம் அவருடையதல்ல. நரிக்குறவர் கையில் இருந்தால் அதே பொருள் வேறொன்றாகிவிடுகிறது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு, அவர்கள் தோளில் தொங்கிய மருந்துத் துப்பாக்கி பிழைப்பிலிருந்து குற்றத்துக்கு இடம் பெயர்ந்தது. மிராசுதார் வீட்டுச் சுவரில் மான் தலைக்குக் கீழே தொங்கினால் மட்டும் பாரம்பரியம். நம் சினிமா அந்தச் சுவரை எத்தனை தடவை நமக்குக் காட்டியிருக்கிறது! நாமும் ரசித்துத்தான் பார்த்தோம்.

6

இதையெல்லாம் சொல்லிவிட்டுப் பெரியப்பாவின் பயத்தை 'நிலவுடைமை மனோபாவம்' என்று ஒற்றை வார்த்தையில் கழித்துவிடுவது சுலபம். தோழர்கள் சிலர் அப்படித்தான் பேசுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ராத்திரி நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்துகொண்டு, விடியும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிற இரண்டு வயசாளிகளின் பயம் நிஜமானது. செத்தவர்கள் நிஜமாகவே செத்திருக்கிறார்கள். பயம் நிஜம் என்பதாலேயே அதற்குக் கொடுக்கப்படுகிற விடையைச் சோதித்தாக வேண்டியிருக்கிறது.

துப்பாக்கி என்ன செய்திருக்கும்? லைசென்ஸ் துப்பாக்கியைப் பூட்டித்தான் வைத்திருக்க வேண்டும். தோட்டாவுக்குக் கணக்கு வைக்க வேண்டும். தேர்தல் அறிவித்தால் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லுவார்கள். கண்புரை ஆபரேஷன் செய்த கண், நடுங்குகிற கை, தூக்க மாத்திரை, இருட்டு. வருகிறவன் நாய்க்குப் பழகியவனாகவும், எந்த அறையில் யார் படுப்பார்கள் என்று தெரிந்தவனாகவும் இருந்தால், நகையோடு சேர்த்து அவன் எடுத்துப்போக ஒரு துப்பாக்கியும் கிடைக்கும். அவ்வளவுதான். டெக்சாஸ் மகனிடம் இதைப் போனில் சொன்னேன். "அதுக்குத்தாண்ணா மொத ரெண்டு ரவை. இருட்டுல குறி பாக்க வேண்டியதில்ல" என்றான். யார் என்று தெரியாமலே சுடலாம் என்பதைத்தான் அவன் வசதி என்று சொன்னான். கதவைத் தட்டியது பக்கத்துத் தோட்டத்துப் பையனாக இருந்தால்?

முன்னால் எப்படி இருந்தது? நூறு வருஷமாக அதே சாளைகள் அதே காட்டுக்குள் தனித்தனியாகத்தானே இருந்தன? துப்பாக்கி இல்லாமல் யார் காவல் இருந்தது?

இந்த இடத்தில் என் வீட்டைப் பற்றியே சொல்லியாக வேண்டும். நான் சின்னப் பையனாக இருந்தபோது, தொண்ணூறுகளில், எங்கள் தோட்டத்துப் பட்டியில் ஒருவர் படுத்திருப்பார். அருந்ததியர் தெருவிலிருந்து வந்தவர். வருஷக் கூலிக்குப் பண்ணையத்தில் இருந்தார். ஆட்டுப்பட்டியை ஒட்டிச் சாக்கை விரித்துப் படுத்திருப்பார். நாய் குரைத்தால் முதலில் எழுகிறவர் அவர்தான். என் அப்பாவைவிட மூத்தவர். நான் அவரைப் பெயர் சொல்லி, 'வாடா போடா' என்று கூப்பிட்டேன். அது தப்பு என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் தூக்கம் அவருடைய தூக்கமின்மையின்மேல் படுத்திருந்தது. வீட்டுக்குள் அவர் வரக் கூடாது; வீட்டுக்குள் யாரும் வந்துவிடாமல் அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இஷாப்பூர் மரக்கட்டை வேறு உருவத்தில் எங்கள் திண்ணையிலும் இருந்தது என்று இன்று தோன்றுகிறது.

அவருடைய பிள்ளைகள் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். ஒருவர் கட்டிங், ஒருவர் செக்கிங். சனிக்கிழமை சம்பளம், 'டா' போட்டுக் கூப்பிட ஆளில்லாத ஊர். அவர்கள் போனது நியாயம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். திருப்பூர் பலரை நசுக்கியிருக்கிறது, நொய்யலைச் சாயமாக்கியிருக்கிறது. பட்டியிலிருந்து சிலரை எழுப்பிவிட்டதும் இதே திருப்பூர்தான். அவர்கள் எழுந்து போனபோது காலியான அந்தச் சாக்குமேல்தான் இப்போது துப்பாக்கியை வைக்கப் பார்க்கிறோம். லைசென்ஸ் மனுவில் கேட்பது ஆயுதத்தை என்று நினைக்கிறோம். கூலி கேட்காத, எதிர்த்துப் பேசாத, ராத்திரி முழுக்க விழித்திருக்கிற ஒரு ஆளைத்தான் கேட்கிறோம். சொந்தப் பிள்ளையும் இல்லை, பண்ணையத்து ஆளும் இல்லை, இரும்பாவது இருக்கட்டும்.

ஆகவேதான் அந்த இரண்டு தோட்டாவும் எனக்கு இப்படி அர்த்தமாகின்றன. ரவை, தெரியாதவனுக்கு: வடக்கத்தியானுக்கு, முகமில்லாதவனுக்கு, பொத்தாம்பொதுவாக ஒரு பக்கத்துக்கு. குண்டு, தெரிந்தவனுக்கு: நம் வாசலில் வளர்ந்து, நாம் பேசிய பேச்சையெல்லாம் நினைவில் வைத்திருப்பானோ என்று நாம் உள்ளுக்குள் சந்தேகப்படுகிறவனுக்கு. இரண்டு பயத்தையும் ஒரே உருளையில் போட்டு வைத்துக்கொண்டு தூங்க முயல்கிறோம். தூக்கம் வருவதில்லை.

7

கொங்குச் சிறுபத்திரிகை வட்டாரத்தில் சாயக்கழிவு பற்றி எழுதியிருக்கிறோம். ஷிஃப்ட் முறை பற்றி, சாதிக் கலவரம் பற்றி எழுதியிருக்கிறோம். தனியான அந்தத் தோட்ட வீட்டுக்குள் இருக்கிற பயத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை. எதிரி வீட்டுப் பயம் என்று விட்டுவிட்டோம். ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இலேயே, காட்டைப் பங்கு பிரிக்கிற சொந்த வீட்டுத் தகராறு கொலையாக முடிவதைக் காட்டியது. ஆபத்து எப்போதும் வேலிக்கு வெளியிலிருந்துதான் வரும் என்ற நம்பிக்கையை அந்த நாவல் அன்றைக்கே உடைத்துவிட்டது. நாம் அதை மண்வாசனை நாவல் என்று பாராட்டிவிட்டு, அதற்குப் பிறகு வேலியை உயர்த்திக் கட்டினோம்.

வேண்டியது என்ன என்று கேட்டால் என்னிடம் பெரிய திட்டம் ஏதுமில்லை. தெருவிளக்கு, இரவு ரோந்து, அவசரத்துக்குக் கூப்பிட்டால் வருகிற போலீஸ் என்பதெல்லாம் அரசிடம் உரிமையாகக் கேட்க வேண்டியவை. 1970இல் ஒரு பைசாவுக்காகக் கூட்டமாக நின்ற மாதிரி கூட்டமாகக் கேட்க வேண்டியவை. அந்தக் கூட்டத்தில் காலனிக்காரர்களும், லைன் வீட்டு வடக்கத்திப் பையன்களும் நிற்க முடியுமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர்களுக்கும் இருட்டு இருக்கிறது.

போட்டோவைப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். லைசென்ஸ் கிடைத்தாலும் மகன் வைத்திருக்கிற மாதிரி இங்கே கிடைக்காது, நீளத் துப்பாக்கிதான் தருவார்கள் என்று பெரியப்பாவிடம் சொன்னேன். டாரஸ் கம்பெனி இப்போது ஜிண்டாலோடு கூட்டுச் சேர்ந்து ஹரியானாவில் ஹிசாரிலேயே துப்பாக்கி செய்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் களத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்:

"அந்தப் பட்டியில படுத்திருப்பானே, அவன் இன்னும் இருக்கறானா கண்ணு?"

"இருக்காருங்க பெரியப்பா. மகன்கூடத் திருப்பூர்ல இருக்காரு."

'காரு' என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. "நல்லா இருக்காரா?" என்று மட்டும் கேட்டார்.